ஒரு விரல் நீளச் சீவாளி பழுதானால் கருவியே ஊமை... அயர்லாந்தின் 'இலன் பைப்ஸ்' பிழைத்த கதை!

1908-ம் ஆண்டு, லண்டனில் ஓர் அடகுக் கடை. அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் எனிஸ் அங்கே கிடந்த ஒரு பையைப் பிரித்துப் பார்க்கிறார். உள்ளே துண்டு துண்டாகக் கழன்று கிடக்கின்றன மரக் குழல்கள். வேறு யாராவது பார்த்திருந்தால் விறகு என்று நினைத்திருப்பார்கள். எனிஸுக்கு இசை தெரியும். அது டப்ளின் நகரின் தாமஸ் தெருவில் இருந்த கோய்ன் என்ற கைவினைஞரின் பட்டறையில், 19-ம் நூற்றாண்டில் செய்யப்பட்ட இலன் பைப்ஸ் என்பது அவருக்குப் புரிந்தது. பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்தத் துண்டுகள் மறுபடி ஒன்று சேர்ந்தன. ஜேம்ஸுக்கு 1919-ல் பிறந்த மகன் ஷேமஸ் எனிஸ் அதே கருவியை வாசித்துத்தான் அயர்லாந்தின் மகத்தான இசைக் கலைஞர்களில் ஒருவர் ஆனார். 1982-ல் அவர் மறைந்தபோது, உயில்படி கருவி லியாம் ஓ'ஃப்ளின் கைக்குப் போனது. 'பிளாங்க்ஸ்டி' குழுவின் ஓ'ஃப்ளின்தான், 1980-ல் 'தி பிரெண்டன் வாயேஜ்' என்ற இசைப் படைப்பில் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவில் இலன் பைப்ஸை உட்கார வைத்தவர்.

அடகுக் கடைப் பையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா மேடை வரை... கேட்க சினிமா மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால், இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. மரம் நூறு, நூற்றைம்பது வருடம் தாங்கும். அதற்குள் இருக்கும் சீவாளி அப்படி இல்லை. அது செத்தால், யாராவது கத்தியை எடுத்துப் புதிதாக ஒன்றைச் செதுக்க வேண்டும். செதுக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்றால், கோய்ன் செய்த கருவியாக இருந்தாலும் விறகுதான்.

நீங்களும் கேட்டிருப்பீர்கள்!

பேக்பைப் என்றதும் பாவாடை போன்ற கில்ட் உடுத்தி, கன்னம் உப்ப ஊதிக்கொண்டு அணிவகுத்துப் போகும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தானே நினைவுக்கு வருவார்கள்? இது அதுவல்ல. இதில் வாயால் ஊதும் வேலையே இல்லை. வலது முழங்கையில் ஒரு துருத்தி, இடது முழங்கையின் அடியில் காற்றுப் பை. நாற்காலியில் உட்கார்ந்து, துருத்தியை அழுத்தி அழுத்திப் பையை நிரப்பி, பையை அமுக்கி வாசிக்க வேண்டும். ஐரிஷ் மொழியில் 'இலன்' என்றால் முழங்கை என்று பொருள். ஒரு காலத்தில் 'யூனியன் பைப்ஸ்' என்று அழைக்கப்பட்ட கருவிக்கு, இந்த முழங்கைப் பெயர் பரவலானது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

'டைட்டானிக்' படத்தின் பின்னணி இசையில் மனதைப் பிசையும் அந்தக் குழலோசை நினைவிருக்கிறதா? அதில் இலன் பைப்ஸுக்கும் பங்கு உண்டு. 'பிரேவ்ஹார்ட்' இன்னும் சுவாரஸ்யம். கதை ஸ்காட்லாந்துடையது, திரையில் தெரிவதும் ஸ்காட்லாந்து பேக்பைப். ஆனால் காதில் விழுவது அயர்லாந்துக் கருவி! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை நான் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன் (டெஸ்க்கில் எடிட்டர் இல்லாத நேரம்தான்).

கருவியின் அமைப்பையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். விரல் வைத்துப் பாட்டை வாசிக்கும் குழலுக்கு 'சாண்டர்' என்று பெயர். நம் ஒத்து போல விடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும் 'ட்ரோன்' குழல்கள் மூன்று. மணிக்கட்டால் சாவிகளை அழுத்தி இடையிடையே துணைச் சுரம் சேர்க்கும் 'ரெகுலேட்டர்' குழல்கள் மூன்று. ஆக, முழுக் கருவிக்கு ஏழு சீவாளி. ஏழில் ஒன்று மக்கர் செய்தாலும் கச்சேரி கெடும். இந்தக் கருவிக்கு ஏழு வருடம் கற்க வேண்டும், ஏழு வருடம் பழக வேண்டும், ஏழு வருடம் வாசிக்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் பைப்பர் ஆவார் என்று அங்கே சொல்வார்கள். அந்த 21 வருடத்தில் எத்தனை வருடம் சீவாளியோடு மல்லுக்கட்டப் போனதோ!

உதட்டுக்கு எட்டாத சீவாளி

சீவாளி என்ற சொல்லை நான் சும்மா பயன்படுத்தவில்லை. இரண்டு நாணல் இதழ்கள் எதிரெதிராக அதிர்ந்து ஒலி எழுப்பும் முறை நம் நாதஸ்வரத்துக்கும் சாண்டருக்கும் ஒன்றுதான். திருவாவடுதுறைப் பக்கம் கொறுக்கைத் தட்டையில் செய்வதை நாம் சீவாளி என்கிறோம். அது பொருந்தும் உலோகக் குழாயைக் கெண்டை என்கிறோம். அங்கேயும் நாணல் இதழ், அங்கேயும் ஒரு குட்டி உலோகக் கெண்டை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நாதஸ்வர வித்வானின் சீவாளி அவர் உதடுகளுக்கு நடுவில் இருக்கிறது. எச்சில் பட்டு நனைகிறது. சுருதி கொஞ்சம் விலகினால் உதட்டை இறுக்கியோ தளர்த்தியோ அந்த நொடியிலேயே சரிசெய்துவிடலாம். சரிவராவிட்டால், குழலில் நூல் கட்டித் தொங்கும் உதிரிச் சீவாளிகளில் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். கல்யாண வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இலன் பைப்ஸில் சீவாளி, சாண்டரின் தலைப் பகுதியில் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. வாசிப்பவரின் உதடு அதைத் தொடவே தொடாது. அவர் கையில் இருப்பது காற்றழுத்தம் மட்டும். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டுமானால், சாண்டரின் அடிமுனையைத் தொடையில் வைத்து அடைத்து, எல்லாத் துளைகளையும் மூடி, ஒரு கணம் பையின் அழுத்தத்தைக் கூட்டித் திறக்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் சீவாளி தானாகவே மேலே தாவ வேண்டும். அழுத்தம் குறையும்போது தானாகவே கீழே இறங்கவும் வேண்டும். இரண்டு ஸ்தாயிகளிலும் சுருதி சேர வேண்டும்.

அதாவது, நாதஸ்வரக்காரர் உதட்டால் செய்யும் வேலையை, சீவாளி செய்பவர் முன்கூட்டியே கத்தியால் செய்து முடித்திருக்க வேண்டும். கஷ்டம் எங்கே இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

துருத்தியால் ஒரு நன்மையும் உண்டு. உள்ளே போவது மூச்சுக்காற்று அல்ல என்பதால் சீவாளி நனைவதில்லை. நன்றாக அமைந்த ஒன்று வருடக்கணக்கில் உழைக்கும். அதனால்தான் நல்ல சீவாளி கிடைத்த பைப்பர், அதைத் தொடவே பயப்படுவார்.

கத்தி, உப்புத்தாள், காது

மூலப்பொருள், மத்தியதரைக்கடல் ஓரங்களில் வளரும் 'அருண்டோ டோனாக்ஸ்' என்ற பெருநாணல். ஓபோ, கிளாரினெட் வாத்தியங்களுக்கும் இதே நாணல்தான். அயர்லாந்தின் குளிரில் இது நன்றாக விளையாது என்பதால், தேசிய அடையாளமான கருவியின் குரல்வளை மட்டும் எப்போதும் இறக்குமதி!

நன்றாகக் காய்ந்த நாணலை நீளவாக்கில் பிளந்து, விரலைவிடச் சற்றுக் குறுகலான பட்டையாக எடுக்கிறார்கள். வழவழப்பான தோல் வெளிப்பக்கம் இருக்க, உட்பக்கத்தைக் குழி உளியால் வழித்தெடுக்க வேண்டும். பிறகு, ஒரு உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, அதன் மேல் பட்டையைத் தேய்த்துத் தேய்த்து உட்புறத்தை ஒரே சீரான வளைவாக்குகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அளவுகோல் இருந்தாலும், பழைய ஆட்கள் பட்டையைக் கட்டை விரலால் வளைத்துப் பார்த்தும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும்தான் முடிவு செய்வார்கள்.

பட்டையை நடுவில் வெட்டினால் இரண்டு இதழ்கள். ஒவ்வொன்றின் வால் பகுதியையும் கத்தியால் சீவிக் கூர்மையாக்கி, கெண்டையின் இரு பக்கமும் வைத்து, மெழுகு தேய்த்த சணல் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கெண்டையும் கைவேலைதான். தாமிரத் தகட்டைக் கூம்பு வடிவக் கம்பியின் மேல் சுற்றி உருட்டிக் குழாயாக்கி, மேல்முனையை மட்டும் லேசாகத் தட்டி நீள்வட்டமாக்குகிறார்கள். நீளம் சுமார் 5 செ.மீ. அந்த நீள்வட்டம் கொஞ்சம் அதிகமாகத் தட்டையானாலும், இதழ்கள் கோணலாக உட்கார்ந்தாலும், பிறகு எத்தனை சீவினாலும் பயனில்லை. காற்று ஓரத்தில் கசிந்துவிடும்.

அதன் மேல் ஒரு மெல்லிய தாமிரப் பட்டையை வளையமாகப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் 'பிரைடில்', அதாவது குதிரைக்குப் போடும் கடிவாளம். பொருத்தமான பெயர்தான். அதை லேசாக அமுக்கினால் இதழ்களின் வாய் குறுகும், தளர்த்தினால் திறக்கும். மேலே கீழே நகர்த்தினால் குணமே மாறும்.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இதழ்களின் நுனியில் தோலை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்துபோல ஒரு சரிவைச் சீவ வேண்டும். இரண்டு சீவல், ஊதிப் பார். மீண்டும் ஒரு சீவல், ஊதிப் பார். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் காகம் கரைவது போன்ற ஒரு சத்தம் வரும். அந்தக் கரைசலின் தரத்தை வைத்தே, இது சாண்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று கைதேர்ந்தவர்கள் கணித்துவிடுவார்கள். நுனியை ஒரு மயிரிழை வெட்டினால் சுருதி ஏறும். அதிகமாக வெட்டிவிட்டால்? ஒட்டவைக்க முடியாது. குப்பைத் தொட்டிதான்.

ட்ரோன் குழல்களுக்கு வேறு வகைச் சீவாளி. ஒரு சிறு நாணல் குழாயின் பக்கவாட்டில் ஒற்றை நாக்கு ஒன்றைப் பிளந்துவிட்டால் போதும். நாணல் கிடைக்காத காலத்தில் எல்டர் மரத்தின் குச்சியைத் தக்கை நீக்கி இதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த நாக்கின் நுனியில் ஒரு சொட்டு மெழுகு வைத்தால் எடை கூடி சுருதி இறங்கும். நாக்கு ஒட்டிக்கொண்டு அடைத்தால் அடியில் ஒரு முடியையோ நூலையோ நுழைத்து வைப்பார்கள். மிகப் பெரிய பிரச்னைக்கு மிக எளிய வைத்தியம்!

துளைக்குள் ஒரு புல்

பழுது பார்ப்பதிலும் இதே குணம்தான். எனக்கு மிகவும் பிடித்தது 'ரஷ்' வைத்தியம். அயர்லாந்தின் சதுப்பு வயல்களில் கோரை மாதிரி ஒரு புல் முளைக்கும். பிப்ரவரி 1-ம் தேதி புனித பிரிஜித் நாளுக்கு வீடுகளில் சிலுவை பின்னுவது இந்தப் புல்லில்தான். அதில் ஒரு துண்டை எடுத்துச் சாண்டரின் உள்துளையில் நீளவாக்கில் செருகுகிறார்கள். துளையின் அகலம் அந்த இடத்தில் கொஞ்சம் குறைவதால், ஏறி நிற்கும் சுரங்கள் இறங்கி வழிக்கு வருகின்றன. புல் இல்லாவிட்டால் மெல்லிய கம்பி. ஒரே ஒரு சுரம் மட்டும் கூடுதலாக ஒலித்தால், அந்த விரல் துளையின் மேல் ஓரத்தில் சிறிது தேன்மெழுகு. மொத்தச் சுருதியும் கூடியிருந்தால், கெண்டையின் அடியில் நூலை இரண்டு சுற்றுக் கூட்டிச் சீவாளியைச் சற்று வெளியே நிறுத்துவது. மரத்தை அரத்தால் ராவிவிட்டால் ராவியதுதான். மெழுகையும் புல்லையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதனால், அனுபவசாலிகள் கடைசி வரை சாண்டரில் கத்தி வைக்கமாட்டார்கள்; சந்தேகம் எப்போதும் சீவாளி மேல்தான்.

இன்னொரு எதிரி, பருவநிலை. அயர்லாந்தின் ஈரக்காற்றில் சீவிய சீவாளி, ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டுக்குப் போனால் வறண்டு வடிவம் மாறும். நேற்று பாடியது இன்று இருமும். கடிவாளத்தை நகர்த்தத் தெரியாதவர், கடல் தாண்டிப் போய்ச் சீவாளி செய்தவரையே தேட வேண்டியதுதான்.

சாண்டர் செய்வதும் பொறுமை கேட்கும் வேலை. பாக்ஸ்வுட், கருங்காலி, இப்போது பெரும்பாலும் ஆப்பிரிக்க பிளாக்வுட். வருடக்கணக்கில் காயவைத்த கட்டையில் முதலில் ஒரு நேர்த்துளை. பிறகு அதைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். துளை போட்ட மரம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வளையும், அது அடங்கட்டும் என்று! அதன் பின் கடைசல், அதன் பின் 'ரீமர்' என்ற கூம்பு வடிவக் கருவியால் உள்ளே சுரண்டி, மேலே பென்சிலைவிட ஒடுக்கமாகவும் கீழே போகப் போக அகலமாகவும் துளையை வடிக்கிறார்கள். பழைய கருவிகளில் இருக்கும் தந்த வளையங்கள் இன்று வேறு தலைவலி. யானைத் தந்தம் என்பதால் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிக்கு அலைய வேண்டும்.

நூறு பேர்கூட இல்லை!

இவ்வளவு நுணுக்கமும் எழுத்தில் இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. கையிலிருந்து கைக்குத்தான் போனது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்தக் கைகளைக் கலைத்துப் போட்டது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ட்ரோஹெடாவைச் சேர்ந்த டெய்லர் சகோதரர்கள் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பட்டறை போட்டு, பெரிய அரங்குகளுக்கு ஏற்ற சத்தமான கருவிகளைச் செய்தார்கள். ஊரில் மிஞ்சியவர்களிலும் தொழில் ரகசியத்தை எளிதில் வெளியே விடாதவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அதுதானே அவர்களுக்குச் சோறு. ஆனால் ஒருவர் ரகசியத்தோடு இறந்தால், அவரிடம் சீவாளி வாங்கிய பத்துப் பேரின் கருவிகளும் பரணுக்குப் போயின.

டப்ளினில் ரௌசம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கருவி செய்துவந்தது. அந்த வீட்டில் 1903-ல் பிறந்த லியோ ரௌசம், செய்பவர், வாசிப்பவர், ஆசிரியர் என மூன்றுமாக வாழ்ந்தார். டப்ளின் இசைப் பள்ளியில் அரை நூற்றாண்டு கற்றுக்கொடுத்தார். ஷேமஸ் எனிஸின் கருவியைப் பெற்ற லியாம் ஓ'ஃப்ளின், இவரிடம் படித்தவர்தான். மேற்கே கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி இருந்தார். தொழில் தச்சு. அப்பா கில்பர்ட் மூலமாக, பார்வையற்ற பைப்பர் காரெட் பேரியின் பாணி அவருக்கு வந்து சேர்ந்தது. ஊர் ஊராகப் போய் வாசித்த நாடோடிக் கலைஞர் ஜானி டோரனை 1936-ல் நேரில் கேட்ட பிறகு, வில்லிக்கு பைப்ஸைத் தவிர வேறு நினைப்பில்லை. அந்த ஜானி டோரன் மேல் 1948-ல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. இரண்டு வருடங்களில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு, 1947-ல், அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக எடுத்த சில ஒலிப்பதிவுகள் மட்டும் மிஞ்சின.

ஒலியைத் தட்டில் பதியலாம். சீவாளி செதுக்கும் கையை எதில் பதிவது?

1968-ல் பெட்டிஸ்டவுன் என்ற கடலோர ஊரில் பைப்பர்கள் கூடி 'நா பீபரி இலன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது இந்தக் கருவியை வாசித்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. சங்கம் செய்த வேலைகளில் பாட்டுக்குச் சமமாகச் சீவாளிக்கும் இடம் இருந்தது. தெரிந்தவர்களை உட்கார வைத்து எல்லோர் முன்பும் செதுக்கச் சொன்னார்கள், அளவுகளை அச்சிட்டார்கள், பிறகு வீடியோவாகவும் எடுத்தார்கள். டப்ளின் ஹென்ரியேட்டா தெருவில் பாழடைந்து கிடந்த 18-ம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைச் சீரமைத்து அங்கே குடியேறினார்கள். இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வாசிக்கிறார்கள். 2017-ல் யுனெஸ்கோ, இலன் பைப்ஸ் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல கைவினைஞரிடம் முழுக் கருவிக்குச் சொல்லிவைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் சீவாளிகளும் வந்துவிட்டன. ட்ரோனுக்கு அவற்றை விரும்புபவர்கள் இருக்கிறார்கள், வானிலைக்கு அசையாது என்பதால். சாண்டருக்கு மட்டும் இன்னமும் நாணல்தான் என்று பெரும்பாலானோர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. இரண்டையும் யூடியூபில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள், நீங்களும் என் பக்கம் வரக்கூடும்.

வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அதே வருட ஜூலையில் அவர் பெயரில் மில்டவுன் மால்பேயில் கோடைகால இசைப் பள்ளி தொடங்கியது. இன்றும் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிறது. ஊரே இசையாகக் கிடக்கும் அந்த வாரத்தில், ஓர் அறையில் மட்டும் பாட்டு இருக்காது. மேசை முழுக்க நாணல் தூள், உப்புத்தாள், மெழுகு நூல். வயது வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கொரு கத்தியோடு குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலானோரின் முதல் சீவாளி வேலை செய்யாது. அடுத்த பட்டையை எடுத்துக்கொள்வார்கள். நடு நடுவே யாராவது ஒருவர் தன்னுடையதை வாயில் வைத்து ஊத, காகம் கரைவதுபோல ஒரு சத்தம் எழும். மற்றவர்கள் சட்டெனத் தலை நிமிர்ந்து, யாருடையது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.